மோதல் சோதனையில் ஆற்றல் கணக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறியிலிருந்து பிழைக்கு

கீழே வரும் எண்கள் பெரும்பாலும் ஒரே காருக்கானவை. சோதனை நிறை 1,500 கிலோ, வேகம் மணிக்கு 56 கி.மீ., அதாவது நொடிக்கு 15.56 மீட்டர். அசையாத கான்கிரீட் சுவரில் முழு அகலமும் நேராக மோதுகிறது. இயக்க ஆற்றல் 181.5 கிலோஜூல். சுவர் நகராததால் அது இந்த ஆற்றலில் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. பின்துள்ளலாகத் திரும்புவது கொஞ்சம், பயணிகளுக்குப் பதிலாக உட்காரவைத்த சோதனைப் பொம்மைகளைப் பிடித்து நிறுத்த பெல்ட்டும் ஏர்பேக்கும் எடுத்துக்கொள்வது கொஞ்சம். மீதி முழுவதும் காரின் உடல் மடங்கியதில் போயிருக்க வேண்டும்.

விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் வரைபடம் போட்டு, அதன் கீழ்ப் பரப்பை எடுத்தால் 181.5 கிலோஜூல் வர வேண்டும். கீழே அறிகுறிகளில் வரும் சதவீதங்கள் இந்த எண்ணோடு ஒப்பிட்டவை. பல சமயம் வராது. விசை எங்கே அளந்தது, இடப்பெயர்ச்சி எந்தப் புள்ளியுடையது என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்காததே பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

எந்த அறிகுறியானாலும் முதலில் உந்தம்

சுவரில் உள்ள எல்லா லோட் செல்களின் (விசையை அளக்கும் சென்சார்கள்) விசையையும் கூட்டி, நேரத்தின் மேல் தொகையிடுங்கள். வர வேண்டியது: நிறை × (மோதிய வேகம் + பின்துள்ளிய வேகம்). பின்துள்ளல் நொடிக்கு 1.9 மீட்டர் என்றால் 1,500 × 17.46 = 26.2 கிலோநியூட்டன்-வினாடி. இந்தக் கணக்குக்கு இடப்பெயர்ச்சி தேவையில்லை. கார் ஒரே கட்டையாக நகர்ந்ததா, எஞ்சின் முன்னதாக நின்றதா என்பதும் தேவையில்லை. அதனால்தான் இது முதலில். பின்துள்ளிய வேகத்தை அதிவேகக் கேமரா படத்திலிருந்து எடுங்கள், முடுக்கமானியிலிருந்து வேண்டாம்.

2 அல்லது 3 சதவீதத்துக்குள் ஒத்துவந்தால் லோட் செல், நிறை, வேகம் மூன்றும் நம்பத்தக்கவை. குற்றவாளி இடப்பெயர்ச்சியிலோ இரண்டு பதிவுக் கருவிகளின் கடிகாரத்திலோ இருக்கிறான். ஒத்துவராவிட்டால் ஆற்றல் கணக்கைத் தொடவே வேண்டாம். அளவீட்டைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

அறிகுறி: விடை எப்போதும் 100 சதவீதம்

இதை யாரும் கோளாறாக எண்ணுவதில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது இதுதான், ஏனென்றால் அறிக்கையில் அழகாக இருக்கும்.

நடப்பது இது. பின் இருக்கைக்கு அடியில் உள்ள முடுக்கமானியின் அளவை நிறையால் பெருக்கி அதை விசை என்கிறோம். அதே முடுக்கமானியை இருமுறை தொகையிட்டு இடப்பெயர்ச்சி என்கிறோம். முடுக்கத்தை அதன் சொந்த இடப்பெயர்ச்சியின் மேல் தொகையிட்டால் கிடைப்பது வேக வர்க்க மாற்றத்தின் பாதி. அது வெறும் கணித முற்றொருமை. வேகம் பூஜ்யமாகும் வரை தொகையிட்டால் 181.5 வந்தே தீரும். சென்சாரின் அளவுத்திருத்தம் 10% தவறாக இருந்தாலும் வரும், வேறொரு காரின் பதிவைத் தவறுதலாக ஏற்றியிருந்தாலும் வரும். இதைச் சரிபார்ப்பு என்று சொல்ல முடியாது.

பிழை ஒளிந்திருப்பது நசுங்கிய தூரத்தில். சென்சார் 10% குறைத்துக் காட்டினால் 500 மி.மீ. நசுங்கல் 555 மி.மீ. ஆகத் தெரியும், விசை 10% குறையும், பரப்பு மாறாது. எனவே அதிகபட்ச இடப்பெயர்ச்சியைக் கேமராவோடு ஒப்பிடுங்கள். நொடிக்கு 1,000 படம் எடுக்கும் பக்கக் கேமராவில், பி-பில்லரின் (முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள தூண்) அடியிலோ கதவடிச் சட்டத்திலோ ஒட்டிய குறியைத் தொடர்ந்தால் போதும். 500 மி.மீ.க்கு 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்சாரைச் சந்தேகியுங்கள். சுவரில் லோட் செல் இருந்தால் விசையை அங்கிருந்து எடுப்பதே முறை. அப்போதுதான் இரண்டு சாட்சிகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாட்சி சொல்வார்கள்.

அறிகுறி: சுவர் விசையை வைத்தால் 105 முதல் 115 சதவீதம்

உந்தம் ஒத்துவந்த பிறகும் இது வந்தால் பெரும்பாலும் எஞ்சின்தான் காரணம்.

சுவர் உணர்வது காரின் எல்லாப் பாகங்களும் நிற்கும் விசையின் கூட்டுத்தொகை. பின் இருக்கை முடுக்கமானிக்குத் தெரிவது உடலின் பின்பகுதி மட்டும். எஞ்சின், கியர் பெட்டி, ரேடியேட்டர் எல்லாம் உடலுக்கு முன்பே சுவரை முட்டி நின்றுவிடுகின்றன. அந்த நேரத்தில் சுவர் விசையில் ஒரு கூர்மையான முகடு எழும். பின்பகுதியோ இன்னும் வேகமாக முன்னேறிக்கொண்டிருக்கும். எஞ்சினை நிறுத்திய விசையை, எஞ்சின் நகராத தூரத்தோடு பெருக்கிவிடுகிறோம்.

எண்ணில் பாருங்கள். 250 கிலோ எஞ்சின் தொகுதி நொடிக்கு 13 மீட்டரிலிருந்து 10 மில்லிவினாடியில் நிற்கிறது. அது சுவருக்குக் கொடுக்கும் உந்தம் 3,250 நியூட்டன்-வினாடி. அந்தச் சமயம் உடலின் சராசரி வேகம் 12 மீட்டர் என்றால் நம் வரைபடம் இதற்கு 39 கிலோஜூல் எழுதும். எஞ்சின் உண்மையில் இழந்தது 21.1 கிலோஜூல்தான். மிகை சுமார் 18 கிலோஜூல், மொத்தத்தில் 10%.

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சுவர் விசையை மொத்த நிறையால் வகுத்து, அதையே இருமுறை தொகையிட்டு நிறைமையத்தின் இடப்பெயர்ச்சியை எடுப்பது. பரப்பு சரியாக 100 ஆகும். ஆனால் மேலே சொன்ன முற்றொருமை இங்கும் வந்துவிடுகிறது, தவிர நிறைமையம் நகர்ந்த தூரம் எந்தப் பாகத்தின் நசுங்கலும் அல்ல. இரண்டாவது வழிதான் உருப்படியானது: எஞ்சினின் மேலும் கீழும் ஒவ்வொரு முடுக்கமானி வைத்து, எஞ்சினைத் தனி நிறையாகப் பிரிப்பது. சுவர் விசையிலிருந்து எஞ்சின் நிறை × எஞ்சின் முடுக்கத்தைக் கழித்தால் உடலை நிறுத்திய விசை கிடைக்கும். அதை உடலின் இடப்பெயர்ச்சியோடு சேருங்கள். எஞ்சினின் 21 கிலோஜூலைத் தனியாக எழுதுங்கள். அது எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிய பம்பர் பீம், ரேடியேட்டர், குளிர்விப்பு விசிறி ஆகியவற்றை நசுக்கப் போயிருக்கிறது. முன்புற நீளச் சட்டங்களின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. கிரஷ் பாக்ஸை (நீளச் சட்டத்தின் முனையில் முதலில் நசுங்கும் பெட்டி) வடிவமைப்பவருக்குத் தவறான எண் போய்ச் சேர்வது இந்த இடத்தில்தான்.

எஞ்சின் காரணமில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். சுவருக்கு ஒரு பதிவுக் கருவி, காருக்குள் இன்னொன்று என்றால் இரண்டின் பூஜ்ய நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நமது காரில் சராசரி முடுக்கம் 25 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 25 மடங்கு) என்று வைத்தால் 1 மில்லிவினாடி விலகல் சுமார் 5.7 கிலோஜூல், அதாவது 3%. சுவரின் பதிவு முந்தினால் ஆற்றல் கூடும், பிந்தினால் குறையும். உந்தச் சோதனை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மோதும் கணத்தைக் குறிக்கும் தொடுகை சுவிட்சின் பட்டை பம்பரின் எந்த இடத்தில் ஒட்டப்பட்டது, முதலில் சுவரைத் தொட்டது அந்த இடம்தானா என்பதைப் படத்தில் பாருங்கள்.

அறிகுறி: 85 முதல் 95 சதவீதத்தில் நின்றுவிடுகிறது

இதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றும் சிறியது, சேர்ந்தால் பெரியது.

நிறை. காலி நிறையை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 50-ஆம் சதமான (நடுத்தர உடலமைப்புள்ள) ஆண் பொம்மை ஒன்று ஏறத்தாழ 78 கிலோ. இரண்டு பொம்மை 156 கிலோ, அவற்றின் இயக்க ஆற்றல் 18.9 கிலோஜூல். சேர்க்க மறந்தால் 10% போய்விடும். சோதனைக்கு முந்தைய நாலு சக்கர எடைச் சீட்டைத் தவிர வேறு எந்த நிறையையும் நம்பாதீர்கள். பொம்மைகளின் ஆற்றல் முழுவதும் உடலுக்குச் சேராது. பொம்மை மார்பின் முடுக்கத்தைக் காரின் இடப்பெயர்ச்சியோடு தொகையிட்டால் உடல் வாங்கிய பங்கு வரும். காருக்கும் பொம்மைக்கும் இடையிலான சார்பு இடப்பெயர்ச்சியோடு தொகையிட்டால் பெல்ட்டும் ஏர்பேக்கும் வாங்கிய பங்கு வரும்.

லோட் செல். ஒரு செல் செத்திருக்கலாம், ஒரு செல் உச்சத்தில் தட்டையாக வெட்டுப்பட்டிருக்கலாம். கூட்டுத்தொகையைப் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு செல்லையும் தனியாக வரையுங்கள். இடது வலது சமச்சீராக இருக்க வேண்டிய செல்களை ஜோடி ஜோடியாகப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். பூஜ்யப் பிசகும் இங்கேதான் ஒளியும். 36 செல் கொண்ட சுவரில் ஒவ்வொன்றும் 0.5 கிலோநியூட்டன் குறைத்துக் காட்டினால் கூட்டுத்தொகையில் 18 கிலோநியூட்டன். அரை மீட்டர் நசுங்கலுக்கு 9 கிலோஜூல், அதாவது 5%. தனிச் செல்லில் 0.5 என்பது கண்ணுக்கே தெரியாது. காரின் ஏதாவதொரு பகுதி செல்கள் இல்லாத வெறுங் கான்கிரீட்டைத் தொட்டிருந்தால் அந்த விசையும் கணக்கில் வராது. சுவரில் பெயின்ட் தடம் பார்த்தால் போதும்.

ஃபில்டர். மோதல் சோதனை அளவீட்டுக்கான எஸ்.ஏ.இ ஜே211 தரநிலைப்படி சுவர் விசைக்கு சி.எஃப்.சி 60 (ஃபில்டரின் அதிர்வெண் வகுப்பு), தொகையிடப்போகும் உடல் முடுக்கத்துக்கு சி.எஃப்.சி 180. இரண்டும் முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்ட வேண்டிய பட்டர்வொர்த் ஃபில்டர்கள். அப்போதுதான் நேர நகர்வு ரத்தாகும். சொந்தமாக எழுதிய நிரலில் ஒருமுறை மட்டும் ஓட்டினால் சி.எஃப்.சி 60-இல் விசை சுமார் 1.8 மில்லிவினாடி பிந்தும். அதன் விலை 5 முதல் 6 சதவீதம். வளைவு பார்க்க வழுவழுப்பாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

தொகையிடும் எல்லை. சோதனைக்குப் பிறகு டேப் வைத்து அளந்த நசுங்கலை எல்லையாக வைத்தால் பரப்பு குறையும். அது எஞ்சிய நசுங்கல். மோதலின் நடுவே கார் அதைவிட அதிகம் நசுங்கி, பிறகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் விசை 350 கிலோநியூட்டன் என்றால் 40 மி.மீ. விட்டுப்போனால் 14 கிலோஜூல் போயிற்று. அதிகபட்ச நசுங்கல் வரை தொகையிட்டு, பிறகு விசை பூஜ்யமாகும் வரை திரும்பும் பாதையின் பரப்பைக் கழியுங்கள். கழிக்கும் அளவு சிறியதுதான்: நொடிக்கு 1.9 மீட்டர் பின்துள்ளல் என்றால் 2.7 கிலோஜூல், 1.5%.

அறிகுறி: வேக வளைவு பூஜ்யத்துக்கு வரவில்லை, அல்லது கார் 20 கி.மீ. வேகத்தில் பின்துள்ளியதாகக் காட்டுகிறது

இது முடுக்கமானியின் பூஜ்ய நகர்வு. 0.5 ஜி பிசகு 100 மில்லிவினாடியில் வேகத்தில் நொடிக்கு 0.49 மீட்டரையும், தூரத்தில் 24.5 மி.மீ.யையும் கெடுக்கும். வேகப் பிழை நேரத்தோடும் தூரப் பிழை நேரத்தின் வர்க்கத்தோடும் வளர்வதால், தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரியும்.

மோதலுக்கு முந்தைய பதிவின் சராசரியைக் கழிப்பது வழக்கமான மருந்து. எந்த ஜன்னலை எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. காரை இழுத்து வரும் கம்பி விடுபடும் உதறல் அதற்குள் விழுந்தால் சராசரியே கெட்டுவிடும். உதறல் அடங்கிய பிறகு, தொடுகைக்குச் சற்று முன்பு முடியும் 30, 40 மில்லிவினாடி போதும்.

கழித்த பிறகும் சரியாகாவிட்டால் சென்சார் உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். மெல்லிய தரைத்தகட்டில் ஒட்டியிருந்தால் அது தகட்டின் அதிர்வைத்தான் அளக்கும். பின் இருக்கை குறுக்குச் சட்டத்திலோ கதவடிச் சட்டத்தின் பின்பகுதியிலோ, மடங்காத இடத்தில், இடமும் வலமும் ஒவ்வொன்று வேண்டும். இரண்டின் சராசரியே உடலின் இடப்பெயர்ச்சி. முழு அகல மோதலில் இரண்டும் 2, 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒன்று தளர்ந்திருக்கிறது. கார் மூக்கை 5 பாகை தாழ்த்திச் சாய்வதால் வரும் பிழை வெறும் 0.4%, பழியை அதன் மேல் போடாதீர்கள்.

அறிகுறி: ஆஃப்செட் மோதலில் (காரின் ஒரு பக்கம் மட்டும் மோதுவது) 50, 60 கிலோஜூலைக் காணவில்லை

அது தடுப்பின் முகப்பில் உள்ள, நசுங்கும் அலுமினியத் தேன்கூட்டில் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் (இந்தியாவின் கார் பாதுகாப்பு மதிப்பீடு) முன்மோதலில், ஏ.ஐ.எஸ்-197 தரநிலைப்படி, கார் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் 40% அகலத்தோடு நசுங்கும் தடுப்பில் மோதுகிறது. 1,500 கிலோவுக்கு 237 கிலோஜூல். தடுப்பின் பிரதான அலுமினியத் தேன்கூட்டின் நசுங்கு வலிமை 0.342 மெகாபாஸ்கல், முன்னால் உள்ள பம்பர் கட்டையுடையது 1.711 மெகாபாஸ்கல். இரண்டுக்கும் கீழ்ப்பக்கம் 10% தளர்வு அனுமதி உண்டு. கையில் உள்ள கட்டையின் சான்றிதழில் எழுதிய மதிப்பையே எடுங்கள்.

இதில் ஒரு வசதி: நசுங்கிய ஒவ்வொரு லிட்டர் கனஅளவுக்கும் பிரதானக் கட்டை 342 ஜூல், பம்பர் கட்டை 1,711 ஜூல். சோதனைக்கு முன்னும் பின்னும் தடுப்பை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, கனஅளவைக் கழித்தால் போதும். பிரதானக் கட்டையில் 110 லிட்டர், பம்பர் கட்டையில் 10 லிட்டர் என்றால் 37.6 + 17.1 = 54.7 கிலோஜூல். கிழிந்து பிரிந்த அலுமினியத் தகட்டை நசுங்கிய கனஅளவாக எண்ணிவிடாதீர்கள். கிழிதல் வாங்கும் ஆற்றல் வேறு.

பிறகும் 10 கிலோஜூல் அளவு குறையும். ஆஃப்செட்டில் கார் நின்றுவிடுவதில்லை, சுழன்றபடி விலகுகிறது. நொடிக்கு 3 மீட்டர் மிச்ச வேகம் 6.75 கிலோஜூல், செங்குத்து அச்சில் 2,500 கிலோகிராம்-மீட்டர்² நிலைமத் திருப்புத்திறன் கொண்ட கார் நொடிக்கு 2 ரேடியன் சுழன்றால் இன்னும் 5 கிலோஜூல். இரண்டையும் மேல்கேமராவிலிருந்து எடுக்கலாம்.

ஐரோப்பிய மதிப்பீடான யூரோ என்கேப் 2020-இல் கொண்டுவந்த நகரும் தடுப்புச் சோதனையில் காரின் இயக்க ஆற்றலை மட்டும் வைத்துத் தொடங்குவது தவறு. 1,400 கிலோ வண்டியும் காரும் தலா 50 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வருகின்றன. கார் 2,000 கிலோ என்றால் மொத்த இயக்க ஆற்றல் 328 கிலோஜூல். ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு காரின் திசையிலேயே நொடிக்கு 2.45 மீட்டரில் நகரும் என்று கொண்டால் 10 கிலோஜூல் இயக்கமாகவே மிஞ்சும். நசுங்கலுக்குக் கிடைப்பது 318. அதில் வண்டியின் தடுப்பு எவ்வளவு, கார் எவ்வளவு என்பதை மறுபடி ஸ்கேன்தான் சொல்லும்.

அறிகுறி: கணினி மாதிரியின் ஆற்றல் சோதனையோடு சேரவில்லை

எல்.எஸ்.-டைனா என்ற மோதல் கணிப்பு மென்பொருளில் முதலில் பார்க்க வேண்டியது மொத்த ஆற்றல்களைப் பட்டியலிடும் ஜி.எல்.ஸ்டாட் கோப்பு. மொத்த ஆற்றல் விகிதம் 1.0-ஐ ஒட்டி நிற்க வேண்டும். மணற்கடிகார ஆற்றல் (கூறுகளின் போலி உருக்குலைவைத் தடுக்கக் கணினி செலவிடுவது) பூஜ்யமாகத் தெரிந்தால் மகிழ வேண்டாம். ஆற்றல் கட்டுப்பாட்டு அட்டையில் ஹெச்ஜென் மதிப்பை 2 ஆக வைக்காததால் அது கணக்கிடப்படவே இல்லை. கணக்கிட்ட பின் அது உள்ளாற்றலில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10-ஐத் தாண்டினால் அந்த மாதிரியின் எண்ணை வெளியே கொடுக்காதீர்கள். மொத்தத்தில் சரியாக இருந்து ஒரு பாகத்தில் மட்டும் வெடித்திருக்கலாம். நீளச் சட்டங்களைப் பாகவாரியாக மேட்சம் கோப்பில் பாருங்கள்.

தொடுகை ஆற்றல் எதிர்மறையாக ஓடினால் தகடுகள் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று ஊடுருவியிருக்கின்றன. கணக்கீட்டின் நேரப் படி மிகச் சிறிதாகிவிடாமல் காக்கக் கூட்டிய நிறையும் ஆற்றலைக் கொண்டுவரும்: 3% என்றால் 45 கிலோ, 5.4 கிலோஜூல். உடைந்து நீக்கப்பட்ட கூறுகளின் ஆற்றல் தனி வரியில் எழுதப்படும். அதைக் கூட்ட மறந்தால் நீளச் சட்டம் குறைவாக வாங்கியதாகத் தோன்றும்.

இவை எல்லாம் சுத்தமாக இருந்தும் மாதிரி அதிகம் நசுங்கினால் திரிபு வேக விளைவு, அதாவது வேகமாக உருக்குலையும்போது எஃகு கூடுதல் வலிமை காட்டுவது, விடுபட்டிருக்கலாம். இதைக் கணக்கிடும் கூப்பர்-சைமண்ட்ஸ் சூத்திரத்தில் மென்எஃகுக்கு வழக்கமான மதிப்புகள் 40.4 மற்றும் 5. வினாடிக்கு 100 என்ற திரிபு வேகத்தில் இது விளைவுத் தகைவை (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 2.2 மடங்காக்கும். அதே மதிப்புகளை உயர்வலிமை எஃகுக்கும் ஒட்டிவிட்டால் எதிர்ப்பக்கம் தவறு: சட்டம் இரும்புத்தூண் போல நிற்கும், கேபின் மடங்கும். அலுமினியத்தில் இந்த விளைவு மிகக் குறைவு.

தனிப் பாகச் சோதனையில் இரண்டு சிறு பொறிகள்

கிரஷ் பாக்ஸை விழுகோபுரத்தில் (மேலிருந்து எடையை விழவிடும் கருவி) சோதிக்கும்போது வாங்கிய ஆற்றல் தொடுகைக் கணத்தின் இயக்க ஆற்றலைவிடக் கூடுதலாக வந்தால் பிழை எதுவும் இல்லை. தொட்ட பிறகும் எடை இறங்கிக்கொண்டிருக்கிறது. 200 கிலோ 200 மி.மீ. இறங்கினால் 392 ஜூல். 10 கிலோஜூல் சோதனையில் 4%. அதைக் கூட்டியே ஒப்பிட வேண்டும்.

மோதிய காரின் எஞ்சிய நசுங்கலை ஆறு புள்ளிகளில் அளந்து, விறைப்புக் கெழுக்களால் ஆற்றல் மதிப்பிடும் முறையில் நசுங்கலின் வர்க்கம் வருகிறது. அங்கே சராசரியை வர்க்கப்படுத்தாதீர்கள், வர்க்கங்களின் சராசரியை எடுங்கள். ஒரு முனையில் 0, மறுமுனையில் 600 மி.மீ. என்று ஆப்பு வடிவில் நசுங்கிய காரில் சராசரியின் வர்க்கம் 0.09 மீட்டர்², வர்க்கங்களின் சராசரி 0.12. அந்த உறுப்பில் மட்டும் 25% காணாமல் போகிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே, முதலாவதன் வர்க்கம், இரண்டாவதன் வர்க்கம், இரண்டின் பெருக்கல் மூன்றையும் கூட்டி 3-ஆல் வகுத்தால் சரியான மதிப்பு வரும்.